திட்டினவரும் ஆலோசித்தவரும்

நான் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் பௌதிக இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே தலைவராக இருந்தவர் மூக்கின்மேல் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிகிறவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காலையில் வராந்தாவில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டதும் நாங்கள் ஆளுக்கொரு கருவியைப் பிடித்துக்கொண்டு அதன் திருகைத் திருகத் தொடங்குவோம். திருகவேண்டிய அவசியமே இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டால் அன்றைய பொழுது போச்சு.

ஒருநாள் தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். வகுப்புப் பையன்கள் அத்தனை பேர் முன்னால் என்னை "மரமண்டை" என்றார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அவருக்கு அது ஞாபகமே இல்லை. ரிப்பேராகிக் கிடந்த பாரோமீட்டர் ஒன்றை அவரே உட்கார்ந்து சரி செய்திருந்தார். என் தோளைத் தட்டி, "பார்த்தீரா, உசிர் வந்துடுத்து!" என்று குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். எனக்கோ அவர் கழுத்தை நெரிக்கவேண்டும் போலிருந்தது.

என் பக்கத்து மேஜைக்காரர் என்னைவிடச் சில வயது மூத்தவர். தக்கலைக்குத் தெற்கே ஒரு ஊர், கிறிஸ்தவக் குடும்பம். ஒளியியல் அறை அவர் பொறுப்பு. மெதுவாகப் பேசுவார், அவர் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுக்குப் பாதிதான் கேட்கும். ஆனால் ஒளியைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் அவரை உட்காரவைத்தால் வேறு ஆளாகிவிடுவார். அவருக்குத் தாய், தகப்பன் எல்லாம் ஒரு அக்காதான். சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட்டார்கள். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, கல்யாணம் வேண்டாம் என்று இருந்து, தம்பியைப் படிக்கவைத்தாள். கிறிஸ்துமஸ் வந்தால் நாகர்கோவில் பஸ் கண்டக்டர் கையில் ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். ஊரிலிருந்து எந்தச் சேதி வந்தாலும் அந்தக் கண்டக்டர் வழியாகத்தான் வரும். சாயங்காலம் பழவங்காடியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நண்பர் நடந்து போவார். பல நாள் நானும் கூடப் போவேன்.

அந்த அக்கா ஒரு தடவை கல்லூரிக்கே வந்துவிட்டாள். தம்பி அப்படி என்னதான் வேலை பார்க்கிறான் என்று கண்ணால் பார்க்கவேண்டுமாம். நண்பர் பயந்துகொண்டே ஒளியியல் அறைக்குள் அழைத்துப் போய், பன்சன் விளக்கில் கொஞ்சம் உப்பைக் காட்டி, ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியில் தெரியும் மஞ்சள் கோட்டைப் பார்க்கச் சொன்னார். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த மஞ்சக் கோடு பாக்கதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து இலாகாத் தலைவர் உள்ளே வந்துவிட்டார். "இது லேபா, இல்லை சாலைக் கடைத்தெருவா? யாரைக் கேட்டு ஆளைக் கூட்டிண்டு வந்தீர்?" என்று கூரை அதிரக் கத்தினார். நண்பர் வெலவெலத்துப் போய், "எனக்க அக்கா, சார்" என்றார். தலைவர் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, "நாற்காலி கொண்டு வாடா முட்டாள், அவா நின்னுண்டிருக்கா" என்று அவனைத் திட்டினார். தானே ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்து அவளுக்குக் காட்டினார். அவள் போனபிறகு நண்பரை மறுபடியும் திட்டினார்.

விடுப்புக் கேட்கப் போனாலும் இதே கதைதான். "சார், ஊர்லே..." என்று நாம் தொடங்குவதற்குள் இடி விழும்.

"உமக்கு மட்டும்தான் ஊர் இருக்கோ? எனக்கில்லையோ? போம்! போய்த் தொலையும்! இங்க நின்னுண்டு அழுமூஞ்சியைக் காட்டாதேயும்!"

அவ்வளவுதான், விடுப்பு கிடைத்துவிட்டது. நம்முடைய வகுப்புக்கு அவரே போவார். பையன்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாம் திரும்பி வந்ததும் இன்னொரு ஆவர்த்தனம் திட்டு உண்டு. எங்கள் மனசில் அந்தத் திட்டுதான் தங்கியது. விடுப்பு கிடைத்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அதனால் அவர் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூருக்கு ரயிலேறிய அன்று இலாகாவே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் படையெடுத்தது. கணபதிக்கு ஆளுக்கொரு தேங்காய். நண்பர் கோயில் எதிரே ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, "எனக்குள்ளதையும் சேத்து ஒடையும் வேய், நான் இங்க நிண்ணு பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தார். அவருக்காகவும் ஒன்று உடைத்தேன். அது நன்றாகச் சிதறியது. அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போய் நன்னாரி சர்பத் குடித்தோம்.

புதிதாக வந்தவர் இந்த ஊர்க்காரர். கோட்டைக்குள்ளே அக்ரகாரத்தில் பிறந்து, சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். முதல் நாளே ஒவ்வொரு மேஜைக்கும் வந்து குடும்பத்தை விசாரித்தார். என் அப்பாவுக்கு மூட்டுவலி என்று சொன்னேன். அடுத்த வாரம் ஒரு தைலம் கொண்டுவந்து கொடுத்தார். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் வீட்டிலிருந்து மத்தியானம் கூஜாவில் காப்பி வரும். யாராவது அறைக்குள் போனால் தன் பங்கிலிருந்தே ஊற்றிக் கொடுப்பார். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. மனுஷன் என்றால் இவர் மனுஷன் என்று சொல்லிக்கொண்டோம்.

அவரிடம் ஒரே ஒரு சங்கதி. எதற்கும் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "ஆலோசிக்கலாம், கேட்டேளா?" என்பார். சொல்லும்போது முகம் அப்படியே கனிந்துவிடும். காற்றை உறிஞ்சும் பம்பு உடைந்தது. ஆலோசிக்கலாம். முதல் வருஷப் பையன்களுக்கு மேஜை போதவில்லை. ஆலோசிக்கலாம். இரண்டு பேர் ஒரே வகுப்புக்குப் போய் வாசலில் முட்டிக்கொண்டார்கள். அதையும் ஆலோசிக்கலாம். யாரையும் நோகடிக்கக் கூடாது என்பது அவர் விரதம். ஒருவருக்கு ஆமாம் என்று சொன்னால் இன்னொருவர் நொந்துபோவாரே. அதனால் எல்லோரையும் சமமாகக் காக்கவைத்தார்.

பழையவர் காலத்தில் எங்களுக்கு ஒற்றுமை இருந்தது. எல்லோரும் சேர்ந்து அவரை வைவோம்; அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இவரை எப்படி வைவது? நல்லவரை வைதால் நாக்கு அழுகிப் போகாதா? ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியாக அவர் முகத்தைப் படிக்கத் தொடங்கினோம். பௌதிகம் படித்தவர்களுக்கு எதையும் அளந்து பார்க்கிற புத்தி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே ஆலோசிக்கலாம் என்றால் காரியம் பாதி பழுத்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னால் மறந்துவிடலாம். காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னால் நிச்சயம் நடக்கும், ஆனால் அவர் வாயால் சொல்லும்வரை அசையக்கூடாது, அசைந்தால் கெட்டுவிடும். இப்படி ஒரு சாஸ்திரமே உண்டாக்கினோம். இதற்கெல்லாம் ஆதாரம் என்ன என்று கேட்டால், யாருக்கோ ஒரு தடவை காப்பிக்குப் பிறகு பிரமோஷன் வந்தது, அவ்வளவுதான். பையன்கள் இந்த லட்சணத்தில் ஒரு பரிசோதனையை எழுதிக்கொண்டு வந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்போம்.

சமஸ்தானத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்த புதிது. இலாகாக்களைப் பார்வையிட ஒரு கமிட்டி வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த நாள் என்று தெரியாது. எங்களிடம் காட்டுவதற்கு இருந்தது ஒளியியல் அறை ஒன்றுதான். நண்பர் தினமும் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் பழவங்காடியில் கண்டக்டர் இறங்கி வந்தவர் பெட்டி எதுவும் கொடுக்கவில்லை. "அக்காளுக்குக் காலெல்லாம் நீர் கோத்திருக்கு. மிஷன் ஆஸ்பத்திரில கெடத்தியிருக்கு. ஒருக்கா வந்துட்டுப் போகச் சொன்னா" என்றார்.

மறுநாள் காலையிலேயே நண்பர் தலைவர் அறைக்குள் போனார். நான் வராந்தாவில் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"அவருக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு வேய். அக்காளப் பத்தி எல்லாம் கேட்டாரு. காப்பி தந்தாரு. பிரின்சிபால்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு ஆலோசிக்கலாம்னு சொன்னாரு."

"கண்ணாடி?"

"கழத்தினாரு."

அப்படியானால் சந்தேகமே இல்லை என்று இலாகா முழுவதும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ கூப்பிட்டு அனுப்புவார். நண்பர் ஒரு சின்னப் பெட்டியில் துணிமணியை எடுத்துவைத்து, மேஜைக்கு அடியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கூப்பிட்டால் அப்படியே பஸ் ஏறிவிடலாம் அல்லவா?

அன்று கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. தலைவர் வராந்தாவில் எதிரே வந்தால் நின்று, நண்பரின் கையைப் பிடித்து, "எப்படியிருக்கா? விஷமிக்காதேயும், கவலைப்படாதேயும். எனக்கு ஞாபகம் இருக்கு, கேட்டேளா?" என்பார். பிரின்சிபால் அந்த வாரம் ஏதோ சிடுசிடுப்பில் இருந்தாராம். சிடுசிடுப்பில் இருக்கிற மனுஷரிடம் போய் விடுப்பு விஷயத்தைச் சொல்லி அவரை மேலும் நோகடிக்கத் தலைவருக்கு மனம் வரவில்லை. இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீர் கிளம்பும் ஓய். வகுப்பை நான் பாத்துக்கறேன். கமிட்டி வந்தா நானே அந்த மஞ்சக் கோட்டைக் காட்டறேன்" என்றேன்.

"சொல்லாம நான் எப்பிடிப் போவ?"

"பழையவர் காலத்துலே சொல்லாமக்கொள்ளாமப் போயிட்டு வந்து திட்டு வாங்கிண்டீரே, ஞாபகமில்லையா?"

"அவரு திட்டுவாரு, போனேன். இவரு நம்ம கையப் பிடிச்சிக்கிட்டுல்லா பேசுகாரு? அந்த மொகத்துல எப்பிடி வேய் முழிக்க?"

திட்டுகிறவனை மீறிப் போய்விடலாம். கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுகிறவனை உதறிவிட்டுப் போக எல்லோராலும் முடியாது. என் நண்பரைப் போன்ற சாதுவால் நிச்சயமாக முடியாது. எனக்குத் தலைவர்மேல் வந்த கோபத்தில் கையிலிருந்த சாக்குக்கட்டியை உடைத்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

வாரம் முடியும் சமயம் மறுபடியும் உள்ளே போனார். இந்தத் தடவையும் காப்பி வந்தது. "நாளைக்கு எப்படியும் பிரின்சிபாலைப் பாத்துடறேன்" என்றாராம். நாளைக்கு என்று ஒரு நாளைச் சொன்னதே பெரிய காரியமாக எங்களுக்குப் பட்டது. நண்பர் உற்சாகமாகக்கூட இருந்தார். அக்காளுக்கு வாங்கிக்கொண்டு போக சாலைக் கடைத்தெருவில் ஆரஞ்சுப் பழம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

அந்தச் சாயங்காலமும் பஸ் நிற்கும் இடத்துக்குச் சேர்ந்து போனோம். பஸ் வந்தது. கண்டக்டர் வழக்கமாக ஓடுகிற பஸ்ஸிலிருந்தே குதிக்கிறவர். அன்று பஸ் நின்று, ஆட்களெல்லாம் இறங்கி முடிந்த பிறகு இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நண்பரை நேரே பார்க்காமல் என்னைப் பார்த்தார். கோயிலில் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். நண்பர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதே பஸ் திரும்பும்போது அதில் அவரை ஏற்றி, நானும் கூடப் போனேன். யாரிடமும் விடுப்புக் கேட்கவில்லை. அவருடைய பெட்டி கல்லூரியில் மேஜைக்கு அடியிலேயே இருந்தது.

அடக்கம் முடிந்தபிறகு அக்காவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாள் ஒருத்தி எங்களிடம் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசிவரை கூட இருந்தவள். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளாம். நினைவு இருந்தவரைக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம்: "பாவம், அவனுக்கு லீவு கெடைக்கல்லியா?" தம்பிக்கு வர மனசில்லை என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. நண்பர் அதைக் கேட்டபிறகுதான் அழுதார்.

நாங்கள் கல்லூரிக்குத் திரும்பிய அன்று தலைவர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். நண்பரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

"நீர் போயிருக்கப்படாதோ? நான் வேண்டாம்னு சொன்னேனா? ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னேனா?"

உண்மைதான், சொல்லவில்லை. அந்த அழுகையும் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அக்காவைப் பறிகொடுத்தவர் எழுந்து நின்று, அழுகிறவரின் முதுகைத் தடவிக்கொடுத்து, "சாரமில்ல சார், பரவால்ல. சாரு விஷமிக்கண்டாம். சாரமில்ல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய்விட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டுவாரே தஞ்சாவூர்க்காரர், அவர் இந்த நேரத்தில் அந்த வராந்தாவில் பூட்ஸ் சத்தத்தோடு வரமாட்டாரா என்று ஏங்கினேன்.

பிறகு கமிட்டி வந்தது. அதில் ஒருவர் ஒளியியல் அறையில் குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்து, "பியூட்டிபுல்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் மற்றவர்கள் அடுத்த இலாகாவுக்குப் போயிருந்தார்கள். அவரும் போனார். தலைவர் நண்பரைப் பெருமையோடு பார்த்தார். நண்பர் விளக்கை அணைத்தார்.

அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. தலைவர் அறைக்குள் காப்பி குடிப்பதை மட்டும் விட்டுவிட்டார். கொடுத்தால், "இப்பந்தான் குடிச்சேன் சார்" என்பார். வகுப்பில் அவர் குரல் இன்னும் இறங்கிவிட்டது. பையன்கள் முன்பெஞ்சுக்கு வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலாகா வழக்கம்போல நடந்தது. உடைந்த பம்பு உடைந்தபடியே மூலையில் கிடந்தது. நாங்களும் முகம் பார்க்கும் சாஸ்திரத்தை விடவில்லை, வெட்கக்கேடு.

கொஞ்ச காலம் கழித்துத் தலைவர் பரீட்சை வேலையாக மதராஸ் போனார். அவர் வரும்வரை நண்பர்தான் பொறுப்பு. அவர் தலைவருடைய நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தந்தி வந்தது. அம்பாசமுத்திரத்தில் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை. கையில் தந்தியோடு போனேன். அடுத்த மணியில் எனக்கு வகுப்பு, சாயங்காலம் லேப். இத்தனை காலப் பழக்கதோஷம், நான் வாசலிலேயே நின்று, முகத்தைப் பார்த்து, இழுத்தேன்.

"ஒரு காரியம்... அப்பாவுக்குக் கொஞ்சம்... உமக்குச் சௌகரியப்பட்டா..."

அவர் தலையைத் தூக்கித் தந்தியைப் பார்த்தார். ஸ்டூல் பின்பக்கமாக விழுந்தது.

"என்னவேய் சௌகரியம்? யாருக்குவேய் சௌகரியம்? தந்தியக் கையில வச்சிக்கிட்டு இங்க நிண்ணு என்ன பண்ணுகீரு? போவும்! போய்த் தொலையும்! ரயிலு போயிரும்!"

அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எவனும் எதிர்பார்த்திருக்கமாட்டான். வராந்தாவில் போன பையன்கள் நின்றுவிட்டார்கள். பியூன் ஓடிவந்தான். நண்பருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "அழுமூஞ்சியக் காட்டாதேயும்! போவும்!" என்று மறுபடியும் கத்திவிட்டு, என் வகுப்பைப் பார்த்து நடந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டே போனார்.

நான் தம்பானூர் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளின மனுஷர் அவர். கிட்டே போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்:

"லீவு குடுத்தாளா?"

எனக்கு அந்த மிஷன் ஆஸ்பத்திரி வாசல் ஞாபகம் வந்தது.

"குடுத்தார் அப்பா. கண்டபடி திட்டித்தான் குடுத்தார்" என்றேன்.

"அப்போ சரி" என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.